தனபால் அண்ணன் பாட்டும் சாலவாக்கம் ரூட் பாலும்

1. வெள்ளிக்கிழமை காலை சாலவாக்கம் ரூட் முடித்து வந்து, கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தனபால் அண்ணன் நெஞ்சு வலிக்கிறது என்றார். மதியம் இறந்துபோனார்.
2. சனிக்கிழமை ரூட் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய மச்சான் பாபு வண்டியை எடுத்தார்.
3. அன்று முதல் அந்த ரூட்டில் மட்டும் பால் பாதியாகக் குறைந்தது.
4. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். மாடுகளுக்கு நோய் இல்லை. தீவனமும் மாறவில்லை.
5. மேனேஜர் எழுத்தில் காரணம் கேட்டார். கொடுத்தேன்.
6. படித்துவிட்டு, "நீ ரெண்டு நாள் லீவு எடுத்துக்கறியாம்மா?" என்றார்.

நான் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு டெஸ்ட் எல்லாம் சொல்லிக்கொடுத்த பிறகு, கடைசியாக இந்தக் கதையைச் சொல்வேன். கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

தனபால் அண்ணன் சொந்த வேன் வைத்து, சாலவாக்கம், மானாம்பதி இரண்டு ஊரிலும் பால் எடுத்து எங்களுக்கு ரூட் ஓட்டினார். விடியற்காலையும் சாயங்காலமும் பால், நடுவில் செங்கல், நெல் மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம். அவர் வண்டி சும்மா நின்று நான் பார்த்ததில்லை. பெரிய மகள் காஞ்சிபுரத்தில் நர்சிங் படிக்கிறாள். சின்னவள் பத்தாம் வகுப்பு.

வண்டி மேல் பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்று கட்டியிருந்தார். ஏரிக்கரை திரும்பியதும் மைக்கைப் போட்டுப் பாட ஆரம்பிப்பார். அந்தக் குரல் கேட்டால்தான் ஊரில் சொம்பு எடுத்துக்கொண்டு மாட்டிடம் உட்காருவார்கள். வண்டி தெருவுக்கு வரும்போது பால் தயாராக இருக்கும். கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை.

மெட்டு சினிமாவில் கேட்டது. வரிகள் அவருடையவை. அவற்றில் இருந்ததெல்லாம் வீட்டுச் செய்தி. நேற்று என்ன குழம்பு, சின்னவள் கணக்கில் எவ்வளவு வாங்கினாள், மனைவி கன்னியம்மா அக்கா எதற்காகக் கோபமாக இருக்கிறார். பெரியவளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கே பாட்டில்தான் தெரியும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரலை இழுப்பார். அது வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். ஒரு இருமல் இருமி, வண்டிக் கதவை இரண்டு தட்டுத் தட்டி அடுத்த வரிக்குப் போவார்.

பழகிய ஒரு சத்தம் கேட்டால் மாட்டுக்கு மடியில் பால் இறங்கும். பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டு ஊர் மாடுகளுக்கும் பழகிய சத்தம் தனபால் அண்ணன். என் ரிப்போர்ட்டில் இருந்தது இவ்வளவுதான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. "ஹெட் ஆபீஸ்ல நான் இன்னான்னு சொல்றது? டிரைவர் பாடல, அதனால மாடு கறக்கலன்னா? இந்த வாரத்துக்குள்ள பால் ஏறலன்னா ரூட்டைத் தூக்கிடுவாங்கம்மா" என்றார்.

ரூட் போனால், நடுவில் வரும் லோடை மட்டும் நம்பி வேன் ஓடாது. அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

முதலில் பாபுவைப் பாடச் சொன்னேன். "நான் பாடினா மாடு கயித்தை அத்துக்கினு ஓடும், மேடம்" என்றார். கெஞ்சியதால் ஒரு நாள் பாடினார். மானாம்பதி எல்லப்பனின் மாடு, கறந்து வைத்த பாலையும் உதைத்துத் தள்ளியது.

"யப்பா, நீ வாய மூடிக்கினு வா. இருக்கறதாவது மிஞ்சும்" என்றார் எல்லப்பன்.

அடுத்து, ஒரு கல்யாணத்தில் தனபால் அண்ணன் மேடையேறிப் பாடிய வீடியோ ஒருவரிடம் கிடைத்தது. அதை ஸ்பீக்கரில் போட்டோம். மேளத்தோடு சேர்ந்து மிகச் சரியாகப் பாடியிருந்தார். ஒரு மாடும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இது யாரோ நல்லா பாடறான். நம்ம தனபால் இல்ல" என்றார் எல்லப்பன்.

அன்று மாலை கறவை நேரத்துக்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போனேன். காரியம் முடியும்வரை கன்னியம்மா அக்கா வாசல் தாண்டக் கூடாது. கூடத்தில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாம்மா பேசற? புருசன் செத்த வூட்ல பாட்டு கேக்கறியா?"

"பாட வேணாங்க்கா. அண்ணன் எப்படி இழுப்பாருன்னு பாபுவுக்குக் காட்டினா போதும்."

"அந்த இழவைக் கேட்டுக் கேட்டே என் காது போச்சு. நான் ஒரு கொழம்பு வெச்சா ரெண்டு ஊருக்குத் தெரியும். உப்பு கொறஞ்சா எல்லப்பன் வந்து கேப்பான். மானம் போவுது, பாடாதய்யான்னா கேட்டாரா? இப்படி இழுக்கறது..."

கோபத்தில் இழுத்துக் காட்டினார். குரல் அதே இடத்தில் வழுக்கியது. இருமினார். பக்கத்தில் இருந்த சொம்பை இரண்டு தட்டுத் தட்டினார்.

பின்கட்டிலிருந்து சின்னவள் ஓடி வந்தாள். "அம்மா, மாட்டுக்குத் தானா பால் ஒழுவுது."

போய்ப் பார்த்தோம். நான்கு காம்பிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு நாளாக அந்த மாடும் சரியாகக் கறக்கவில்லையாம். கன்னியம்மா அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நான் பார்க்கவில்லை.

"வாசல் தாண்டக் கூடாது. குரல் தாண்டலாம் இல்ல?" என்றார் கடைசியில்.

பாபுவின் போனை ஒரு ஒயர் போட்டு வண்டி ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தேன். மறுநாள் காலை நானும் வண்டியில் போனேன். ஏரிக்கரை முனையில் டவர் கிடைக்கவில்லை. மதகுப் பக்கம் கிடைத்தது. பாபு வண்டியை நிறுத்தினார். கன்னியம்மா அக்கா வீட்டுக் கூடத்திலிருந்து போனில் பாடினார். அதாவது தனபால் அண்ணன் மெட்டில் தனபால் அண்ணனைத் திட்டினார். வேலை வேலையென்று ஓடினாயே, நெஞ்சு வலியை ஒரு நாள் சொன்னாயா என்று இழுத்து, இருமி, சொம்பைத் தட்டினார். கடைசியில் வழக்கப்படி சமையல் செய்தி வந்தது. இன்றும் அடுப்பு மூட்டவில்லை, அண்ணி வீட்டு இட்லிதான், அது கல் மாதிரி இருக்கிறது.

ஊருக்குள் போனபோது எல்லாரும் மாட்டடியில் உட்கார்ந்திருந்தார்கள். சொம்பில் பால் விழும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லப்பன் கேனில் பாலை ஊற்றிவிட்டு, ஒரு தூக்குவாளியைப் பாபுவிடம் நீட்டினார்.

"சாம்பாரு. அந்த இட்லிக்கு ஊத்திக்கச் சொல்லு."

வார முடிவில் பால் பழைய அளவுக்கு வந்தது. மேனேஜர் போன் செய்தார். "இன்னா பண்ணீங்கன்னு கேக்கறாங்க. தீவனத்தைச் சரிசெஞ்சோம்னு போட்டுக்கறேன். நீ எதுவும் எழுதாத."

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒரு ரூட்டில் பால் குறைந்தால் மாட்டையும் தீவனத்தையும் பாருங்கள். அதோடு, அந்த வண்டியில் யார் வந்தார்கள், இப்போது யார் வரவில்லை என்றும் கேளுங்கள்.

காரியம் முடிந்த மறுநாளிலிருந்து கன்னியம்மா அக்கா மைக்கோடு வண்டியில் போகிறார். பாபு ஓட்டுகிறார். பெரியவளுக்குப் பரீட்சை நடக்கிறது. நேற்று அவர்கள் வீட்டில் காரக்குழம்பு, உப்பு சரியாக இருந்தது. ரூட் ஓடுகிறது.