அறுபத்து நான்கில் எட்டு

அட்டையின் மேலேயே அச்சடித்திருந்தது: அறுபத்து நான்கு ஜிபி. நகத்தளவு கறுப்பு மெமரி கார்டு. என் கையால்தான் வாங்கினேன், என் கையால்தான் செருகினேன். அதில் எட்டு மட்டும்தான் வேலை செய்தது. மீதி ஐம்பத்தாறும் ஐந்து மாதம் சும்மா கிடந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் என்று கேட்காதீர்கள். முதலில் என்மேல்தான்.

அம்மாவுக்கு மறதி முற்றியிருந்தது. கிள்ளானில் அவர் இருந்த வீட்டில் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காவை வைத்தோம். சுங்கை வேயிலிருந்து வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், முன்பு தொழிற்சாலையில் இருந்தவர். ஞாயிறு மட்டும் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் போய் வருவார். குளிக்க மாட்டேன் என்று அம்மா அடம் பிடித்தால் அவரும் சரிக்குச் சரி வாயாடி, கடைசியில் குளிப்பாட்டிவிடுவார். நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சனிக்கிழமை தோறும் கொமுட்டர் ரயில் பிடித்துப் போவேன். அண்ணன் அதே தாமானில், அந்தக் குடியிருப்பிலேயே, இரண்டு தெரு தள்ளி இருந்தான். கேமரா வேண்டும் என்று ஆரம்பித்தது அவன்தான்.

"ஆள நம்பலாம். ஆனா பாத்துக்கணும் லா."

கடையில் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாம். எனக்கு எங்கே அது பிடிக்கும்? சுபாங் ஜெயாவில் ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவள் நான். அம்மா படம் ஊர் பேர் தெரியாத கம்பெனிக்கு ஏன் போக வேண்டும், நானே செய்கிறேன் என்று பெருமையடித்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் கேமராவைப் பொருத்தி டிவி அலமாரிமேல் உட்கார வைத்தேன்.

அதற்கு எல்லா நிரலும் ஏற்றிய பழைய எட்டு ஜிபி கார்டு ஒன்று கைவசம் இருந்தது. அதை அப்படியே புதுக் கார்டில் நகலெடுத்தேன். இப்படி நகலெடுத்தால் பழைய கார்டின் எல்லைக்கோடும் கூடவே வந்துவிடும். கணினி எட்டுக்கு மேல் இடம் இருப்பதையே அறியாது. ஆறு அறை வீட்டில் ஒரே அறையில் முடங்கிக்கொண்டு இடமில்லை என்று புலம்புகிற கதைதான். எல்லைக்கோட்டை நகர்த்திப் பகுதியைப் பெரிதாக்க இரண்டு கட்டளைகள் போதும், பிறகு ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். எனக்குத் தெரியாததா? ஆபீஸில் வாரம் ஒருமுறை செய்கிற வேலை. ஆனால் கேமரா வழியாகப் போனில் அம்மா முகம் தெரிந்ததும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். இடம் நிறைந்தால் பழையதை அழித்துப் புதியதை எழுது என்று நிரலும் எழுதி வைத்திருந்தேன். கெட்டிக்காரி!

அன்றைக்கு அக்கா முகம் சுளிக்கவில்லை. கேமராவை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"நல்லதும்மா. நாளைக்கி ஏதாச்சும்னா எனக்கும் ஒரு சாட்சி. எத்தன நாள் நிக்கும் இதுல?"

"ஒரு மாசம் நிக்கும்கா" என்றேன்.

ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட நான் பின்னோக்கிப் போய்ப் பார்க்கவில்லை. ஆபீஸ் இடைவேளையில் போனைத் திறப்பேன், அம்மா நாற்காலியில் இருப்பார், மூடிவிடுவேன். அதைத்தான் அம்மாவைக் கவனித்துக்கொள்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கூடத்தில் நின்றிருந்தான். அம்மாவின் நைட்டிக் கையை மேலே சுருட்டி வைத்திருந்தான். முழங்கைக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாவாகக் கன்றிப்போயிருந்தது.

"யாரு அடிச்சா?" என்றான்.

அக்கா பதறவில்லை. "செவ்வாக்கெழம கிரில் கதவுத் தாழ்ப்பாள்ல இடிச்சிக்கிட்டாங்க தம்பி. அப்ப ஒன்னும் தெரியல. ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்புடுறாங்கல்ல, மறுநாள்தான் கறுத்துச்சி. எண்ணெய் போட்டுவிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"வாரத்துக்கு ரெண்டு தரம் எங்கயாச்சும் இடிச்சிக்கிறாங்க. போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன்னு நீங்கதான் சத்தம் போடுறீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "அதான் கேமரா இருக்கே, செவ்வாக்கெழம போட்டுக் காட்டுங்கம்மா" என்றார். நான் உட்கார ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டார். அந்த வீட்டில் கேமராவை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

லேப்டாப்பைத் திறந்தேன். இருந்ததிலேயே பழைய பதிவு வியாழன் மத்தியானத்தோடு நின்றது. அதற்கு முன் ஒன்றுமே இல்லை. என்ன நடந்திருக்கிறது என்பது ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"ரெண்டு நாள்தான் நிக்குமா?" அண்ணன் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தான். "அதான! அழிஞ்சி போகட்டும்னு வாயே தொறக்காம இருந்திருக்கா."

"தங்கச்சி, ஒரு மாசம் நிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் அக்கா.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தப்பு என்னுடையது, கார்டைச் சரியாகப் போடவில்லை என்று சொல்லியிருந்தால் அண்ணன் என்னை நாலு திட்டு திட்டியிருப்பான். கம்ப்யூட்டர் படிச்சவ கிழிச்ச கிழி என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பான். அந்தக் கேலிக்குப் பயந்தேன்.

"அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லக்கா. கார்டு அவ்வளவுதான் தாங்கும்."

வாய் கூசவில்லை எனக்கு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. அரை மணி நேரத்தில் பையைக் கட்டினார். அம்மாவின் மூன்று மணி மாத்திரையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அண்ணன் தாமான் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டு, வயதானவர்களை அடிக்கிற ஆள், யாரும் வேலைக்கு வைக்காதீர்கள் என்று எழுதினான். குழுவுக்கு அட்மினும் அவன்தான். முனை வீட்டு ஆன்டி ஒருவர் இருந்தார். வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்த நாளிலிருந்து, "நீங்க எப்ப விடுறீங்களோ அன்னிக்கே நான் எடுத்துக்குவேன்" என்று எங்களிடம் அக்காவைக் கேட்டுக்கொண்டே இருந்தவர். அவரும் கும்பிடு படம் போட்டு, நல்ல வேளை சொன்னீங்க என்று பதில் எழுதினார். அக்காவுக்கு அந்த வீடும் போனது.

லீவு போட்டுவிட்டு அம்மாவோடு தங்கினேன். திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த இரண்டு கட்டளைகளையும் அடித்தேன். அணைத்துப் போட்டேன். எட்டு இருந்த இடத்தில் அறுபதை ஒட்டிக் காட்டியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். லேப்டாப்பைத் தூக்கி வாசலில் வீசலாம் போல ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கூடத்தில் 'டங்' என்று சத்தம் கேட்டது. ஓடினேன். அம்மா கிரில் அருகே நின்று, "யாரு இத இங்க வெச்சது?" என்று தாழ்ப்பாளைத் திட்டிக்கொண்டிருந்தார். கையில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அதே இடம், அதே ஊதா. அண்ணனை வரச் சொன்னேன்.

"பாத்துக்க. இப்ப நான் அடிச்சேனா? சொல்லு, நான் அடிச்சேனா?"

கேமராவில் பதிந்ததைப் போட்டுக் காட்டினேன். கார்டு விஷயத்தையும் சொன்னேன். அவன் கழுத்தைச் சொறிந்தான்.

"சரி விடு லா. பாவம்தான். திரும்பக் கூப்பிடு, வருவாங்க."

"குரூப்ல போட்டது?"

"அதெல்லாம் ஆளுங்க மறந்திருப்பாங்க. நீ ஏன் இப்ப கெளறுற?"

அம்மாவை அவன் பொறுப்பில் விட்டுவிட்டுச் சுங்கை வேயில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார், மைலோ கலந்து கொடுத்தார். அந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அத சரி பண்ண எவ்ளோ நேரம் ஆச்சி?"

"பத்து நிமிஷம்கா."

"பத்து நிமிஷம்." தலையை ஆட்டினார். குரல் அப்போதுதான் உயர்ந்தது. "அது போவட்டும்மா. மிஷின்னா அப்படித்தான். வேலையா இருக்குறவங்க மறக்குறதுதான். ஆனா உங்க அண்ணன் முன்னாடி, ஆமாக்கா சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்? சர்ச்சுல என் பக்கத்துல உக்கார்றவங்க போன்லயும் என் படம் இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

"மன்னிச்சிருங்கக்கா. திரும்ப வாங்க."

"அம்மாவ வந்து பாக்குறேன். உங்க வீட்டு வேலைக்கு வரமாட்டேன். எங்க சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க. போங்க."

திரும்பும் ரயிலிலேயே குழுவில் எழுதினேன். அக்கா அடிக்கவில்லை, கேமரா கார்டைத் தப்பாகப் போட்டது நான், பொய் சொன்னதும் நான். அம்மா இடித்துக்கொண்ட பதிவையும் இணைத்தேன். கிள்ளானில் இறங்கிப் பார்த்தால் அது அங்கே இல்லை. அட்மின் நீக்கிவிட்டார் என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே யாரோ குப்பை லோரி ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார்கள். அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"குடும்ப மானத்த ஏன் சந்திக்குக் கொண்டு வர்ற?" என்றான்.

"அவங்க மானத்த மட்டும் கொண்டு வரலாமா?"

போனை வைத்துவிட்டான். அழிப்பதென்றால் மட்டும் எங்கள் குடும்பத்துக்கு எத்தனை சுறுசுறுப்பு!

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே முனை வீட்டுக்குப் போய் கேட்டை உலுக்கினேன். ஆன்டி ஈரக் கையோடு வெளியே வந்தார். நின்ற இடத்திலேயே சொன்னேன், பதிவைக் காட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்தார்.

"அப்போ உங்க அண்ணன் போட்டது?"

"பொய் ஆன்டி. அதுக்கு முன்னாடி நான் சொன்னதும் பொய்."

ஆன்டி கையைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"நான்தான், முனை வீடு. அந்தத் தங்கச்சி எங்க கேட்டுகிட்ட வந்து நிக்குது. எல்லாத்தையும் சொல்லிருச்சி."

எதிர்வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பிறகு அக்காவின் குரல் கேட்டது.

"நான் கேக்கணும். சத்தமா சொல்லச் சொல்லுங்க."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"ஆமாக்கா. ஒரு மாசம் நிக்கும்னு நான்தான் சொன்னேன்."