மாஸ்டர் குறித்துவைத்த கடற்காற்று

போன மாதம் ஒரு காலையில் கனகநாதன் மாஸ்டரின் மருமகன் மாஸ்டர் கடைசிக் காலத்தில் தங்கியிருந்த மருதனார்மடத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, அரியாலையில் எங்கள் படலையடியில் நின்றார். "மாமா விடியப்புறம் மோசம் போயிட்டார். பின்னேரம் எடுக்கினம்" என்றார். நெஞ்சுநோவுக்கு எழுதிக்கொடுத்த மருந்து, பொருளாதாரத் தடையால் பல மாதமாக எந்தக் கடையிலும் இல்லை. செத்தவீட்டுக்கு அவரிடம் புவியியல் படித்த பலர் வந்திருந்தீர்கள். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மாஸ்டரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அடுத்தடுத்த வளவில் குடியிருந்தோம். எண்பத்து மூன்றாம் ஆண்டு அவர் தம் வீட்டு மேல்தளத்தில் ஒரு கம்பை நட்டு, மெல்லிய துணிநாடா ஒன்றைக் கட்டினார். பங்குனி, சித்திரையில் வடகிழக்கு வாடையும் இல்லை, தென்மேற்குச் சோளகமும் இல்லை. பகலில் கரைக்கு வருவது கடற்காற்று மட்டும்தான். அந்த இரண்டு மாதமும் நாடா எத்தனை மணிக்குக் கடலை விட்டு வீட்டுப்பக்கம் திரும்புகிறது என்று கொப்பியில் எழுதுவார். பள்ளிக்கூட நாட்களில் அந்த வேலை அவர் மனைவிக்கு. மின்சாரமும் பற்றரியும் இல்லாமற்போன பிறகு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் றேடியோவைப் பொருத்தி, பெடலைச் சுற்றிச் சுற்றி நேரம் கேட்டு மணிக்கூட்டைத் திருத்துவார். நான் சிரிப்பேன். "பார்க்கத் தவறினால் வெறும் கோடு போடும், அது காணும். ஊகிச்சு எழுதாதையும்" என்பது அவர் சட்டம்.

காற்று ஆண்டுக்காண்டு முந்துகிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "நிலம் சூடேறுது ஐசே. உது எங்கடை சண்டையோடை முடியிற விஷயமில்லை" என்பார். கடலில் நிற்பவர்களைக் கேட்டால் உறுதியாகும் என்று ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு குருநகருக்குப் போனார். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: "கடலுக்குப் போகவே நேவிக்காரர் விடுறாங்களில்லை, மாஸ்டர். காத்து எப்ப வந்தால் எங்களுக்கென்ன?" திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்று மாஸ்டர், "பார்க்கிறதுக்கு இனி ஆக்களில்லை" என்றார்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு தொடக்கத்தில் மனைவியின் சத்திரசிகிச்சைக்காக அவர் கொழும்புக்குப் போனார். எங்கள் பள்ளிக்கூடம் அப்போது பின்னேரத்துக்கு மாறியிருந்ததால் கொப்பியை என்னிடம் தந்தார். என் வளவில், கடற்பக்க வேலியோரம் பன்னிரண்டு பனைகள் நின்றன. காற்று அவற்றைக் கடந்துதான் அவருடைய நாடாவுக்கு வரவேண்டும். "உந்தப் பனையளிலை கை வைச்சிடாதையும். அதுகள் நிண்டால்தான் பழைய கணக்கோடை புதுசை ஒப்பிடலாம்" என்றார். ஓம் என்றேன்.

மாசியில் குண்டு போடும் பொம்பர் ஓயாமல் வந்தது. அடுத்த ஒழுங்கையில் ஒரு வீடு குடும்பத்தோடு போனது. எனக்கு மூன்று பிள்ளைகள். சிவராத்திரிக்கு மறுநாள் ஆள் பிடித்துப் பன்னிரண்டையும் தறித்து, பதுங்கக் குழி வெட்டி, மேலே குத்திகளைப் பரப்பிப் பங்கர் போட்டேன். அதற்காக இன்றும் எனக்கு வருத்தமில்லை. பங்குனி பிறந்ததும் ஒரு நாள் தவறாமல் நாடாவைப் பார்த்து எழுதினேன். முன்னெப்போதும் இல்லாதபடி காற்று வெள்ளென, நேரத்துக்கு முந்தி வந்தது. மறைப்பு போனால் வராமல் என்ன செய்யும்?

வைகாசியில் திரும்பி வந்த மாஸ்டர் வெறும் வேலியைப் பார்த்து நின்றார். அடிக்கட்டைகளைப் பங்கர் மண் மூடியிருந்தது.

"எப்ப தறிச்சனீர்?"

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. "போன கிழமைதான்" என்றேன். நாக்குக் கூசவில்லை. என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"அப்ப இந்த வருசத்துக் கணக்குச் சரி" என்று மாஸ்டர் கொப்பியை வாங்கிக்கொண்டார். மாசி என்று சொல்லியிருந்தால் அந்த வருடத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அந்தக் கொப்பியை வைத்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். பனைகள் நிற்கும்போதே காற்று இவ்வளவு முந்திவிட்டது என்பதுதான் அதன் உயிர். அதை வாசித்த கொழும்புப் பேராசிரியர் ஒருவர், அருகில் மரம் ஏதும் தறிக்கப்பட்டதா என்று கேட்டு எழுதினார். மாஸ்டர் பதிலை எழுதி, அனுப்புமுன் என்னிடம் வாசிக்கத் தந்தார். 'அந்தப் பருவம் முடியும்வரை மரங்கள் நின்றன. இதற்குச் சாட்சி என் அயலவர். அவர் பொய் சொல்லாதவர்.' நான் அதில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன்.

பிறகு அந்தக் கணக்கே அவரைத் தின்றது. "என்ரை பேரப்பிள்ளையளுக்கு இந்தக் கரையிலை இருக்கேலாமல் போகும்" என்று சொல்லிச் சொல்லி ஒடுங்கிப்போனார். நான் எத்தனையோ தடவை வாயெடுத்தேன், அத்தனை தடவையும் விழுங்கினேன். அவர் பயந்தது உண்மைக்கா, என் பொய்க்கா? காற்று மெய்யாகவே மாறியிருக்கலாம். மாறாமலும் இருந்திருக்கலாம். இனி ஒருவராலும் அளந்து சொல்ல முடியாது.

அவருடைய கட்டுரை கையில் இருப்பவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்: பனைகள் தறிக்கப்பட்டது மாசியில். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல்நாள் அவருடைய மகள் கொப்பிகளை என்னிடம் தர வந்தாள். நான் வாங்கவில்லை. மாஸ்டருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது, பொய் சொல்லாதவன் என்று அவர் தம் கைப்பட எழுதிவிட்டுப் போன பெயர் ஒன்றுதான்.