பேஸ்மென்ற் சுவரில் நான் பூசிய ஓட்டைகள்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடின இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் பழுதானதைப் பார்ப்பது மட்டும்தான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

டோர்செட் பார்க்கில் பதினொரு வருடம் அப்பார்ட்மென்ற்றில் இருந்தோம். அங்கே குழாய் ஒழுகினால் கீழே ஒபிசுக்குச் சொன்னால் போதும், ஒரு ஆள் வருவான். மார்க்கம் என்கிற ஊரில் வீடு வாங்கிய பிறகுதான் அந்த ஆள் இனி நான்தான் என்று விளங்கியது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகினேன். கக்கூஸ் தண்ணித் தாங்கி நிற்காமல் ஓடியது, ஜனவரியில் வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் பற்றாமல் நின்றது, உடுப்புக் காயவைக்கிற மெசின் சூடாகாமல் சுத்தினது, எல்லாவற்றையும் நானே பார்த்தேன். என்ன பழுதென்றாலும் முதலில் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் கை வைத்தால் அதே பழுது திரும்ப வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் அந்தச் சுவரைப் பூசினேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவியின் சித்தப்பா மகனும் அவன் மனைவியும் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ற்றுக்குக் குடிவந்தார்கள். எனக்கு அவன் மச்சான். நல்ல கதைகாரன். என்னைக் கண்டால் "அத்தான், இண்டைக்கு எத்தினை வசனம் பேசினீங்கள்? ரெண்டோ மூண்டோ?" என்று கேட்டுச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். பனி கொட்டினால் என்னை மண்வெட்டி எடுக்க விடமாட்டான். கோயிலில் பந்தி பரிமாறினால் எல்லாருக்கும் அவனைத்தான் தேடும்.

அவன் மனைவி, அந்தப் பிள்ளை, என்னைப் போல. பேச்சுக் குறைவு.

முதல் ஓட்டை அவர்கள் வந்து ஐந்தாம் மாதம். "அண்ணை, ஸ்ரூல் சரிஞ்சு சுவரிலை இடிச்சுப் போட்டுது" என்றாள். இங்கத்தைச் சுவர் வெறும் ட்றைவோல். இரண்டு பக்கமும் கடதாசி ஒட்டின சுண்ணாம்புப் பலகை. பலமாக ஒன்று பட்டால் உள்ளே போய்விடும். ஸ்ரூல் கால் பட்டால் சின்ன வட்டமாகப் போகும். இது என் நெஞ்சு உயரத்தில், கை முட்டி அளவில், சுற்றிவரக் கடதாசி கிழிந்து இருந்தது. நான் வலைத்துணி ஒட்டி, வெள்ளைக் களி பூசி, காய்ந்ததும் அரத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ற் அடித்தேன்.

பூச்சு நன்றாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அறை லைற்றை அணைத்துவிட்டு ரோச் லைற்றைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேரே பார்த்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து தெரியும். நிழல் தெரியாத வரைக்கும் திரும்பத் திரும்பத் தேய்ப்பேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இரண்டாவது ஓட்டை ஃபிரிஜ்ஜை நகர்த்தும்போது வந்ததாம். ஃபிரிஜ் அந்தச் சுவரில் இருந்து பன்னிரண்டு அடி தள்ளி நின்றது. பூசினேன்.

மூன்றாவது பெரியது. அது எப்படி வந்தது என்று அவள் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. தேங்காய் அளவுக் குழி. கிழிந்த கடதாசி விளிம்பில் நீளமான தலைமயிர் ஐந்தாறு சிக்கியிருந்தது. அவள் குசினியில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். பின்தலையைத் துவாயால் கட்டியிருந்தாள். "குளிச்சனான்" என்றாள். நான் அந்த மயிரை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து, ஸ்குரூ ஆணி போடுகிற தகர ரின்னுக்குள் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. எறிய மனம் வரவில்லை. பிறகு தேத்தண்ணியைக் குடித்தேன். பிறகு ஓட்டையைப் பூசினேன். நிழல் தெரியாதபடி தேய்த்தேன்.

மேலே வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவன் சின்னனிலை இருந்தே கோவக்காரன். ஆனால் மனசிலை ஒண்டும் வைச்சிருக்க மாட்டான்."

"தலை மயிர் இருந்தது."

"கேட்டனான். காது கேக்கும் எனக்கு." பிறகு கோபம் என் மேல் திரும்பியது. "நீங்கள் அவனிட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே? வாய்க்கும் சேத்தோ களி பூசி வைச்சிருக்கிறியள்?"

"நீர் அக்கா. நீர் கேளும்."

அவளும் கேட்கவில்லை. கேட்டால் சித்தப்பா வீட்டோடு கதை பேச்சு அறும், கோயிலில் ஆளுக்கொரு கதை கதைப்பார்கள், அந்தப் பிள்ளைக்கும் அடி கூடும் என்றாள். மூன்றும் சரியான காரணங்களாகத்தான் பட்டன. எனக்குப் பேசாமல் இருக்கக் காரணமே தேவையில்லை.

அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. ஓட்டை விழுவது நின்றுவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி.

போன ஜனவரி ஃபேர்னஸின் ஃபில்டரை மாற்ற இறங்கினேன். ஃபேர்னஸ் அவர்கள் படுக்கை அறைக்கு எதிரே, நடைவழியின் முடிவில் நிற்கிறது. அந்த நடைவழியில் ஆறு கலண்டர் தொங்கியது. வருடப் பிறப்புக்கு ஒவ்வொரு தமிழ்க் கடையிலும் கலண்டர் சும்மா தருவார்கள். மரக்கறிக் கடை, நகைக் கடை, வீடு விற்கிறவர், இன்சூரன்ஸ்காரர். எங்கள் வீட்டிலும் ஐந்தாறு சுருட்டியபடி கிடக்கும். ஆனால் ஒன்றைத்தான் மாட்டுவோம். இங்கே முருகன், பிள்ளையார், மாதா, ஒரு கல்யாண மண்டபம், திரும்பவும் முருகன். சைவக்காரர் வீட்டில் மாதா. ஆறாவது கலண்டர் என் முழங்கால் உயரத்தில் தொங்கியது.

முழங்கால் உயரத்தில் யார் கலண்டர் மாட்டுவார்கள்?

குந்தி இருந்து அதைத் தூக்கிப் பார்த்தேன். சப்பாத்துக் கால் உள்ளே போன ஓட்டை. மற்றவற்றை நான் தூக்கவில்லை. எனக்குத் தொல்லை தரக்கூடாது என்று அந்தப் பிள்ளை தானே மறைத்திருக்கிறாள். நான் பூசி மறைத்ததை அவள் கலண்டரால் மறைத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிமிர்ந்தபோது அவள் பின்னால் நின்றாள்.

"அண்ணை, இந்த றூம் கதவுக்கு உள்ளுக்கை ஒரு பூட்டுப் போட்டுத் தருவியளே?"

"என்ன மாதிரிப் பூட்டு?"

"உள்ளுக்கை நிண்டு பூட்டுறது. வெளியிலை திறக்க ஏலாதது."

"ஓம்" என்றேன். "எப்ப வேணும்?"

"அவர் ஆறு மணிக்குத்தான் வருவார்."

மூன்றே முக்கால். பூட்டு வாங்கி வந்து போட்டு முடிக்க ஐந்து மணி. பெட்டிக்குள் வந்த ஆணியையே போட்டேன். பிறகு ஃபேர்னஸ் பக்கம் போய் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எது எப்படிப் பழுதாகும் என்று பார்ப்பதுதானே என் வழக்கம்.

"தங்கச்சி, உள்ளுக்கை போய்ப் பூட்டுங்கோ. நான் ஒருக்கா உதைச்சுப் பாக்கப் போறன். பயப்பிடாதேங்கோ."

பூட்டுகிற சத்தம் கேட்டது. நான் ஒரே ஒரு உதை உதைத்தேன். முழுப் பலத்தோடும் அல்ல. கதவு நிலை பிளந்து, கதவு உள்ளே பறந்து சுவரில் அடித்தது. பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட்டின் நாக்கு போய் விழுகிற தகடு நிலையிலிருந்து பிடுங்குப்பட்டு, இரண்டு ஆணியும் வெளியே வந்திருந்தன. முக்கால் அங்குல ஆணிகள்.

அந்தப் பிள்ளை கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்தாள். முழங்காலை மடித்து, தலையைக் குனித்து, இரண்டு கையாலும் பின்தலையைப் பொத்திக்கொண்டு. சொல்லிவிட்டுத்தான் உதைத்தேன். ஆனாலும் அவள் உடம்பு என் சொல்லைக் கேட்கவில்லை. கதவு அடங்கின பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

"நான்தான், தங்கச்சி" என்றேன். "நான்தான்."

அன்றைக்கு நிலையை ஒட்டுப் போட்டு ஒரு மாதிரி நிமிர்த்தினேன். அடுத்த நாள் வேலைக்கு லீவு சொன்னேன். பழைய கதவு உள்ளே வெறும் அட்டை, கையால் குத்தினாலே போய்விடும். ஆகவே முழுப் பலகைக் கதவு ஒன்று வாங்கி வான் வண்டியின் மேல் கட்டிக் கொண்டுவந்தேன். கதவைத் தாங்குகிற பிணைச்சலுக்கும் பூட்டுத் தகட்டுக்கும் மூன்று அங்குல ஆணி போட்டேன். அவ்வளவு நீளம் என்றால்தான் நிலையைத் தாண்டி, சுவருக்குள் நிற்கிற மரச்சட்டத்தில் போய்ப் பிடிக்கும். ஒவ்வொரு ஆணியும் இறங்கும்போது ட்றில் முனகியது. இரண்டாம் தரம் அவளை உள்ளே விட்டு உதைக்க எனக்கு மனமில்லை. அதனால் அந்தக் கதவைச் சோதித்துப் பார்க்கவேயில்லை.

மச்சான் வந்து பார்த்தான். கதவை விரலால் தட்டினான்.

"பேஸ்மென்ற்றுக்கு என்னத்துக்கு அத்தான் வங்கிக் கதவு?"

"பழசு வளைஞ்சு போச்சு. இது ஃபேர்னஸ் சத்தத்தையும் குறைக்கும்."

"பூட்டு?"

"கதவோடை வந்தது."

"பாத்தியளே, இண்டைக்கு மூண்டு வசனம்!" என்று என் முதுகில் தட்டினான். நானும் சிரித்தேன்.

அந்த அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். என் சுத்தியல் ஃபேர்னஸின் மேலேயே கிடந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். மேலே மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். முதலில் கீழே ஒரு சட்டி விழுகிற சத்தம். தேங்காய்ப்பால் சொதி திரைந்து போனதால் தொடங்கியது என்று பிறகு அறிந்தேன். பிறகு ஓடுகிற கால் சத்தம், கதவு சாத்துகிற சத்தம். பிறகு உதை.

வீடு அதிர்ந்தது. அலுமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று தட்டின. நான் கதிரையில் இருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பழைய கதவு ஒரே உதையில் போனது. நான்கு, ஐந்து. பிறகு சத்தம் மாறியது. அது காலில்லை, இரும்பு. என் சுத்தியல்.

மனைவி அடுப்பை அணைத்தாள். "போங்கோ" என்றாள். "போங்கோ! நான் 911க்கு அடிக்கிறன்."

நான் படி இறங்கினேன். கலண்டர்கள் எல்லாம் கீழே கிடந்தன. மச்சான் பூட்டைச் சுற்றிப் பலகையை அடித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கெட்ட சொல். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவனைப் பார்த்து நான் சொல்லவேண்டியது எத்தனையோ இருந்தது. மூன்று வருடத்தின் சொற்கள். வந்தது ஒன்றுதான்.

"உது என்ரை கதவு."

அவன் திரும்பினான். முகம் வேறொருவனின் முகம் போல இருந்தது.

"என்ன?"

"என்ரை கதவை உடையாதை."

"கதவோ? உனக்குக் கதவோடா பெரிசு?"

அத்தான் என்ற சொல் அன்றோடு போயிற்று. சுத்தியல் வருவதைக் கண்டு இடது கையைத் தூக்கினேன். எலும்பு முறிகிற சத்தம் சின்னது. காய்ந்த தடி முறிவது போல. அடுத்த அடி தோளில். விழுந்தபோது ஃபேர்னஸின் தகரத்தில் தலை அடிபட்டு, காதுக்குள் ஒரே இரைச்சல். அவன் திரும்பவும் கதவுக்குப் போனான். நான் வலது கையால் அவன் காலைக் கட்டிப் பிடித்தேன். மற்றக் காலால் என் விலாவில் உதைத்தான். முகத்தில் உதைத்தான். வாயில் இரத்தம் உப்பாக இருந்தது. விடவில்லை. எனக்கு வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். விட்டால் எழும்ப முடியாது என்று தெரிந்ததால் பிடித்திருந்தேன்.

மனைவி படியில் நின்று கத்தினாள். "விடடா அவரை! பொலிஸ் வருது!"

"அக்கா, வீட்டு விசயத்துக்குப் பொலிஸோ?"

"வீட்டு விசயந்தான்ரா. என்ரை வீடு!" என்று சொல்லிப் கையோடு கொண்டுவந்த மீன் பொரித்த எண்ணெய்த் தாச்சியைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். எண்ணெய் பாதி அவன் மேல், பாதி சுவரில். அவன் அலறிக்கொண்டு சுத்தியலைப் போட்டான். சுவரோடு சாய்ந்து அப்படியே இருந்துவிட்டான். பொலிஸ் வரும் வரைக்கும் அவன் அழுததுதான் எனக்குக் கேட்டது.

கதவில் பூட்டைச் சுற்றிப் பலகை சிதறியிருந்தது. நிலை ஒரு பக்கம் வெடித்திருந்தது. ஆனால் ஆணிகள் மரத்தை விடவில்லை. கதவு திறக்கவில்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு போன பிறகும் அந்தப் பிள்ளை திறக்கவில்லை. பொலிஸ்காரி ஆங்கிலத்தில் எத்தனையோ தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் உள்ளேயிருந்து, "அண்ணை நிக்கிறாரே? அவர் சொல்லட்டும்" என்றாள்.

உதடு வீங்கி எனக்குச் சொல் சரியாக வரவில்லை. "திறவுங்கோ, தங்கச்சி. ஆள் போயிட்டான்."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பிள்ளையின் தமக்கை ஸ்ரௌவ்விலில் இருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். மத்தியானம் அதே பொலிஸ்காரி வந்து சுவரில் இருந்த ஆறு ஓட்டையையும் படம் எடுத்தாள். இவ்வளவுதானா என்று கேட்டாள். இன்னும் மூன்று இருக்கிறது, நான்தான் பூசினேன் என்று சொன்னேன். லைற்றை அணைக்கச் சொல்லி, கட்டுப் போடாத கையால் ரோச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். இரண்டு உடனே தெரிந்தன. மூன்றாவதைக் கண்டுபிடிக்கக் கன நேரம் எடுத்தது. அவள் படம் எடுத்து முடித்த பிறகு, ஆணி ரின்னில் இருந்த மயிரை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கடதாசி உறைக்குள் போட்டு, என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன்.