ஊஞ்சலார் கடையை விட்டு வெளியேறிய வரலாறு

ஊஞ்சலாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது மின்சார பில்லில் பத்திரமாக இருக்கிறது; மற்றபடி புழக்கத்தில் இல்லை. அவர் உட்கார்ந்தால் வலது கால் ஆடும். யாராவது முறைத்தால் மரியாதைக்கு அது நின்றுவிடும். உடனே இடது கால் பொறுப்பேற்றுக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் இன்றுவரை கையெழுத்து கோணல்தான். பெயர் வைத்தவர்களும் அவர்களே. அந்த உரிமை அவர்களுக்கு உண்டு.

வளர்ந்து பிழைப்புத் தேடிய காலத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் சேர்ந்தார். "அசையாம இருங்க" என்று எதிரே நின்றவர்களிடம் சொல்லிவிட்டு இவர் அசைந்தார். பிறகு ஒரு கண்ணாடிக் கடை. அங்கே இருந்த ஒரு வாரத்தைப் பற்றி அவரும் பேசுவதில்லை, கடை முதலாளியும் பேசுவதில்லை. கடைசியில், உலகத்திலேயே அதிகப் பொறுமை கேட்கும் தொழில் எது என்று விதி தேடிப் பார்த்து, அதிலே கொண்டுபோய் அவரை உட்கார வைத்தது. செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தொலைந்த ஃபைல்களை மீட்டுத் தருகிற தொழில்.

டிஸ்க் என்பது கைக்கு அடங்கிய பெட்டி. உள்ளே கண்ணாடி போன்ற தட்டு கிறுகிறுவென்று சுற்றும். அதன்மேல் படாமல், ஆனால் படுகிற மாதிரி, தலைமயிரைவிட மெல்லிய இடைவெளியில் ஒரு முனை மிதந்துகொண்டு படிக்கும். பட்டால் தொலைந்தது. ஆகவே ஊஞ்சலார் தன் கடை வாசலில் கொட்டை எழுத்தில் பலகை மாட்டியிருந்தார்: 'டிஸ்க் போச்சா? எதுவும் செய்யாதீர்கள். அப்படியே கொண்டுவாருங்கள்.' அதன் கீழே இன்னொரு வரி: 'எதற்கும் இரண்டு பிரதி வையுங்கள்.'

ஊர் மக்கள் பலகையைப் படித்தார்கள். படித்ததோடு சரி.

"சார், நான் ஒண்ணுமே பண்ணல."

"எத்தனை தடவை ஆன் பண்ணிப் பாத்தீங்க?"

"ஒரு தடவைதான்."

"உண்மையைச் சொல்லுங்க."

"ஒவ்வொரு தடவையும் ஒரு தடவைதான் சார்."

இப்படி வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டியதன் அவசியத்தை விளக்குவார். விளக்கும்போது மேஜை ஆடும்.

அவர் மனைவி புத்தகங்களை ஒலிப்பதிவு செய்பவர். கண்ணால் படிக்க முடியாதவர்களும் படிக்கச் சோம்பல்பட்டவர்களும் காதால் கேட்பதற்காக, தடித்தடியான புத்தகங்களை வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து வாசிப்பார். நல்ல குரல். அந்தக் குரல் வீட்டில் அதிகம் உச்சரித்த சொல் ஒன்றே ஒன்று: "கால்!" கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒற்றைச் சொல்தான் ஊஞ்சலாருக்குக் கடிவாளம்.

எரிமலைகளைப் பற்றிய ஒரு பெரும் புத்தகத்தை வாசித்து முடித்த கையோடு அந்தக் குரல் படுத்துவிட்டது. தொண்டைக்குள் எட்டிப் பார்த்த டாக்டர், "ஒரு மாசம் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது" என்றார். அந்த அம்மாள், எழுதியதை வாசித்துக் காட்டுகிற ஒரு வசதியை போனில் போட்டுக்கொண்டார். ஏற்ற இறக்கம் இல்லாத இயந்திரக் குரல் அது. கோபத்தையும் கொஞ்சலையும் ஒரே மாதிரி சொல்லும். "உப்பு போதுமா" என்று அது கேட்டாலே ஊஞ்சலாருக்கு சம்மன் வந்த மாதிரி இருக்கும்.

கடிவாளம் அறுந்த குதிரை என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் அந்த அம்மாள் எரிமலைப் புத்தகம் மொத்தமும் இருந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி, பதிப்பகத்துக்கு அனுப்ப ஆயத்தமானார். டிஸ்க் மேஜைமேல் நெட்டுக்குத்தலாக நின்று ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஊஞ்சலார் செய்தி படித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் ஆடியது. மேஜை ஆடியது. டிஸ்க் மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்பில் இருந்த தட்டில் இடித்து, 'டொப்' என்று சாய்ந்தது. கத்த முடியாத அம்மாள் கைதட்டினார்; அது அவர் காதில் விழுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று பல்லிச் சத்தம். திரையில் ஒரு கேள்வி: இந்த டிஸ்க்கில் ஒன்றுமே இல்லையே, ஃபார்மட் செய்துவிடட்டுமா? ஊஞ்சலாரின் மனைவியாக இருந்த புண்ணியத்துக்கு அவர் 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டு, கணவரைப் பார்த்தார். இரண்டாவது பிரதி எங்கே என்பது அந்தப் பார்வையின் பொருள்.

இரண்டாவது பிரதி இருந்த டிஸ்க்கைப் போன மாதம் கடையில் ஒரு அவசர வேலைக்காக ஊஞ்சலார் எடுத்துப் போயிருந்தார். "நாளைக்கே திரும்ப வெச்சிடறேன்" என்று சொல்லித்தான் எடுத்தார். அதில் இப்போது யாரோ ஒருவருடைய கோழிப்பண்ணை வீடியோக்கள் இருந்தன.

பதிப்பகம் வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தது. அதற்குள் வராவிட்டால் புத்தகம் வேறொருவர் குரலுக்குப் போய்விடும். அம்மாளின் தொண்டை புண்ணாகும்வரை வாசித்த வாசிப்பு அத்தனையும் வீண்.

செய்தி கேட்டு அம்மாளின் தம்பி ஓடிவந்தான். கம்ப்யூட்டரைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தெரிந்ததும் எதுவும் இல்லை.

"மாமா, ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி வெச்சா சரியாயிடும்னு சொல்றாங்களே?"

"முதல்ல உன் மூளையை வெச்சுப் பாரு. அதுக்குத்தான் இடம் கம்மியாத் தேவைப்படும்."

"சரி, எப்படி மாமா இப்படி ஆச்சு?"

"வோல்டேஜ்" என்றார் ஊஞ்சலார்.

"வோல்டேஜ் டிஸ்க்கைக் கீழ தள்ளுமா?"

அம்மாள் போனில் தட்டினார். இயந்திரக் குரல் சொன்னது: "தள்ளும். நம் வீட்டு வோல்டேஜ் தள்ளும். இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது."

ஊஞ்சலார் இரண்டு முழங்கால்களையும் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவர் கடை ஒரு செருப்புக் கடைக்கு மேலே, பலகைத் தளம் போட்ட மாடியில் இருந்தது. அடிபட்ட டிஸ்க்கில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். முதலில் அதிலுள்ளதைத் துணுக்குத் துணுக்காக அப்படியே ஒரு நல்ல டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க வேண்டும். தேடுவது, தோண்டுவது எல்லாம் அந்தக் காப்பியில். காப்பி ஓடும்போது திரையில் கட்டம் கட்டமாக நிறையும்: படித்தது பச்சை, படிக்க முடியாதது சிவப்பு.

திங்கட்கிழமை சிவப்பாக விடிந்தது. நாலு பச்சை வந்தால் ஒரு வரிசை சிவப்பு. ஊஞ்சலாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேபிளை மாற்றினார். சாஃப்ட்வேரை மாற்றினார். டிஸ்க்கைக் குப்புறப் போட்டார், மல்லாக்கப் போட்டார். குட்டி போட்ட பூனை மாதிரி மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். உட்கார்ந்தார்; கால் ஆடியது. ஒவ்வொரு முயற்சியிலும் அந்த முனை இன்னும் கொஞ்சம் தேய்கிறது என்று அவருக்குத் தெரியும். அது தெரியத் தெரிய கால் வேகமெடுத்தது. செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம்.

புதன்கிழமை, அவர் மறந்து விட்டுவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அம்மாள் கடைக்கு வந்தார். வந்தவர் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்தார். பின்னறையில் மணிக்கணக்காக மூச்சுச் சத்தம்கூடப் பதியாமல் இருந்து பழகிய உடம்பு. ஊஞ்சலார் டீ குடிக்கக் கீழே போனார். திரையில் பச்சை மளமளவென்று ஓடியது. படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டது. சிவப்பு.

அம்மாள் கண்ணைச் சுருக்கினார். போன் பேசியது: "எனக்குத் தண்ணீர் வாங்கி வாருங்கள்."

போனார். பச்சை. வந்தார். சிவப்பு.

"பேனா வாங்கி வாருங்கள்."

பச்சை. சிவப்பு.

"பேனாவுக்கு மூடி வாங்கி வாருங்கள்."

"மூடியோடதாம்மா இருக்கு!"

"இன்னொரு மூடி."

முணுமுணுத்துக்கொண்டே போய்த் திரும்பிய ஊஞ்சலார், மனைவி திரையைச் சுட்டுவதையும், பிறகு தன் காலைச் சுட்டுவதையும், பிறகு பலகைத் தளத்தைச் சுட்டுவதையும் பார்த்தார். "சும்மா இரு" என்று அறிவியல்பூர்வமாக மறுக்க வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து செருப்புக் கடைக்காரர் படியேறி வந்து தலையை நீட்டினார்.

"தம்பி, இன்னிக்கு என்ன, விட்டு விட்டு வருது?"

"என்னது அண்ணே?"

"தூசிதான். நீங்க மேல இருந்தா என் செருப்பு மேலெல்லாம் கொட்டும். நீங்க வெளிய போனாத்தான் துடைப்பேன். இன்னிக்கு போறீங்க, வர்றீங்க, போறீங்க, வர்றீங்க. எப்பத் துடைக்கறதுன்னே தெரியல."

"இத்தனை வருஷமா ஏன் அண்ணே சொல்லல?"

"தொழில்ல ஏதோ மெஷின் ஓட்டறீங்கன்னு நினைச்சேன் தம்பி."

ஊஞ்சலார் மெஷினைக் குனிந்து பார்த்தார். இரண்டு கால்களும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவை போல நின்றன. பிறகு அவர் பார்வை, தான் நினைக்காமலே, மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டிக்குப் போயிற்று. அதில் அவர் கைவிட்ட டிஸ்க்குகள் கிடந்தன. "என்னால ஆனதெல்லாம் பண்ணிட்டேன்" என்று எத்தனை பேரிடம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்லியிருப்பார்! ஆனதெல்லாம் பண்ணியதுதான் கோளாறு என்று அப்போது யாருக்குத் தெரியும்? இந்த ஒரு விஷயத்தில் நான் அவரைக் கேலி செய்யப் போவதில்லை.

"நீங்கள் வெளியே போங்கள்" என்றது போன். இயந்திரக் குரல்தான். ஆனாலும் அதில் கொஞ்சம் இரக்கம் இருந்ததாக ஊஞ்சலார் பின்னாளில் சாதித்தார்.

தன் துறையில் கைதேர்ந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர், தொழில் செய்ய வேண்டுமென்றால் கடையை விட்டுப் போக வேண்டும் என்று ஆனது இப்படித்தான். போனார். தெருமுனை வரை போய், தபால் பெட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். மாடி ஜன்னலில் மனைவியின் கை தெரிந்தது: விரித்த உள்ளங்கை. வராதே. மருந்துக் கடையில் எதுவும் வாங்காமல் எடை பார்த்தார். முடிதிருத்தும் கடையில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்து, "சார், ஆடாம இருந்தா காது தப்பிக்கும்" என்ற எச்சரிக்கையோடு பாதியில் எழுந்தார். பஸ் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். உள்ளங்கை. வியாழக்கிழமையும் அதேதான். மச்சினன் வழியில் மறித்தான்.

"என்ன மாமா, வேலை இல்லையா?"

"மும்முரமா வேலை நடந்துக்கிட்டிருக்குடா" என்றார் ஊஞ்சலார், நடந்துகொண்டே.

சாயங்காலம் ஜன்னலில் உள்ளங்கை மடங்கி விரல்கள் அழைத்தன. திரை முழுக்கப் பச்சை. நடுவில் அம்மை வடு மாதிரி இரண்டே இரண்டு சிவப்பு. அடிபட்ட டிஸ்க்கைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி வைத்தாகிவிட்டது. இனி கையில் இருப்பது காப்பி. இனிமேல் அவர் தாண்டவமே ஆடலாம்.

ஆடினார் என்றும் சொல்லலாம். பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கை அறை அறையாகப் பிரித்துவைத்த கணக்கு, போனது என்றால் வீடு இடிந்தது என்று பொருளில்லை. அறைகள் அப்படியே இருக்கின்றன. எந்த அறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வாசலில் எழுதியிருந்த பலகைதான் அழிந்திருக்கிறது. ஊஞ்சலார் காப்பியைத் தட்டித் தட்டிச் சுவர் எங்கே என்று கண்டுபிடித்து, பலகையைத் திரும்ப எழுதினார். கதவு திறந்தது. எரிமலைப் புத்தகம் அத்தியாயம் அத்தியாயமாக உள்ளே உட்கார்ந்திருந்தது. ஒரே ஓர் அத்தியாயத்தின் நடுவில் மட்டும் ஒரு பக்க அளவு ஓட்டை. மறுநாள் வெள்ளிக்கிழமை. வாசிக்க வேண்டியவருக்கோ வாய் திறக்கத் தடை.

காலையில் ஊஞ்சலார் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பெயரையும் அறையையும் பார்க்காமல், ஒலி என்று தோன்றும் எதையும் மூலை முடுக்கெல்லாம் துழாவி எடுக்கிற தேடல். அதில் ஒரு சங்கடம் உண்டு. வேண்டாம் என்று அழித்ததும் சேர்ந்து எழுந்து வரும். வந்தது. பெயரில்லாத துண்டுகள், நூற்றுக்கணக்கில். அம்மாள் சட்டென்று கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். அதற்குள் ஊஞ்சலார் ஒன்றை ஓடவிட்டார்.

"எரிமலை வெடிப்பதற்கு முன்," என்றது மனைவியின் பழைய, நல்ல, முழுக் குரல், "சுற்றுவட்டாரத்தில் தரை மெல்ல அதிரத் தொடங்கும்." பின்னணியில் தும், தும், தும் என்று ஒரு மெல்லிய சத்தம். அந்தக் குரல் பக்கம் முழுவதையும் பொறுமையாக வாசித்து முடித்தது. பிறகு சொன்னது: "அதிருதுங்க! நிஜமாவே அதிருது! ஹால்ல உக்காந்து என்ன பண்றீங்க? கால்!"

ஓட்டை விழுந்த பக்கம் அதுதான். அதிர்வுக்காகக் கழித்துக்கட்டிய வாசிப்பு. 'அதிருதுங்க'வுக்கு முன்னால் வெட்டி, ஓட்டையில் பொருத்தி, அனுப்பினார்கள். மதியத்துக்குள் பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது: "கிடைத்தது. நன்றி. நில அதிர்வு வருகிற இடத்தில் பின்னணி ஓசை சேர்த்திருப்பது பிரமாதம். அடுத்த புத்தகத்திலும் இப்படிச் செய்ய முடியுமா?"

அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். வேலை முடிந்தது, வீட்டுக்குக் கிளம்பலாம். ஊஞ்சலார் கிளம்பவில்லை. அடுத்த துண்டை ஓடவிட்டார். "ஏங்க, கால்." அடுத்தது. "எத்தனை தடவை சொல்றது? கால்!" இன்னொன்றில் அம்மாள் சிரித்துவிட்டிருந்தார். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ரயில் பெட்டியில குடியிருக்கலாம், காலை நிறுத்துங்க சாமி." ஒன்றன்பின் ஒன்றாக, திட்டுகளின் வரிசை. நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அம்மாளுக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது. குனிந்து பார்த்தார். வலது கால் ஆடவில்லை. இடது காலும் ஆடவில்லை. பயந்துபோய் அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாகப் போனில் தட்டினார்.

"உடம்பு சரியில்லையா?" என்றது போன்.

"ஷ்ஷ், பேசாதே" என்றார் ஊஞ்சலார். "நீ பேசறதைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."