கிரிஸ்டலுக்கு வைத்த சந்தனப் பொட்டு

அம்மனை நம்பி இதைப் படிக்கிற உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். 2004 பங்குனியில் நான் சிறுவாச்சூர் காளியம்மனோடு சண்டை போட்டேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். என் வேண்டுதல் அப்படித்தான் அவள் காதில் விழுந்தது.

எனக்கு ஊர் பூலாம்பாடி. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் கூலி வேலை. பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம் படித்தேன். சென்னையில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அந்த வருடமே பாஸாகிவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. பாடமெல்லாம் முடித்தாயிற்று. புராஜெக்ட் மட்டும் பாக்கி.

நானும் லெப்பைக்குடிக்காட்டு சாஹிதாவும் சேர்ந்து செய்தது, கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி. ஒரு பலகை. அதில் ஒரு சிப், அந்தச் சிப்புக்கு நாடித்துடிப்பு மாதிரி தாளம் கொடுக்கிற கிரிஸ்டல் என்ற சின்ன உலோக டப்பா, எழுத்து காட்டும் டிஸ்பிளே. வாளித் தண்ணீரில் கம்பியை விட்டுப் பார்த்தோம். ஜோராக ஓடியது.

ஆனால் புராஜெக்டை மேற்பார்க்கும் எங்கள் சார் முன்னால் மட்டும் ஓடாது. அவர் பார்ப்பது திங்களும் வெள்ளியும். அந்த இரண்டு நாளும் டிஸ்பிளே செத்துக் கிடக்கும். கரண்ட் சரியாகத்தான் வந்தது. சிப்பை மாற்றினோம். புரோகிராமை மறுபடி ஏற்றினோம். சந்தேகப்பட்ட இடமெல்லாம் மறுபடி சால்டரிங் வைத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் தானாக எரியும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதைத் தூக்கிக் கிணற்றிலேயே போட்டிருப்பேன்.

“ஏம்மா, ஓடுது ஓடுதுங்கிறீங்க. நான் ஒரு நாளாச்சும் கண்ணால பாக்க வேண்டாமா? எக்ஸாமினர் முன்னாடியும் இப்படி நின்னா அடுத்த வருசந்தான், பாத்துக்குங்க” என்றார் சார். நாங்கள் பொய் சொல்கிறோம் என்றே நினைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. சிறுவாச்சூர் கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். அவள் எங்கள் குலதெய்வம். அவளுடைய நாளில் மட்டும் என் பொருள் சாகிறது! என்ன குறை வைத்தோம்? சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா என்ன செய்வாள், பாவம். அந்த இரண்டு நாளும் காலையில் குளித்துவிட்டு அடுப்பு, அரிவாள், சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பாள். தினமும் நான் வீட்டுக்குக் கொண்டுவரும் பலகைக்கும் வைப்பாள். அதற்குப் பிறகு இன்னும் பெரிய பொட்டாக வைத்தாள்.

எக்ஸாமினர் வருவது வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டார்கள். வேறு நாளே கிடைக்கவில்லையா! எங்கள் முறை மதியத்துக்கு மேல். காலையில் அம்மாவும் நானும் கோயிலுக்குப் போனோம். பலகை என் பையில். அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். எனக்கு மூடத் தோன்றவில்லை. அவளை முறைத்துப் பார்த்தேன்.

“ஒன் நாள்ல மட்டும் ஏன் ஆத்தா இப்படிப் பண்றே? என்ன கோவம்னு நேராச் சொல்லித் தொலையேன்!”

அம்மா என் கையைக் கிள்ளினாள். பூசாரி ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். முகத்தை மூடியிருந்த சந்தனம் வழிந்து இறங்கியது. அவள் கண் இரண்டும் தெரிந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வெளியே ஓடிவந்து பையைத் திறந்தேன். வெள்ளி மாதிரி மின்னுகிறதே என்று அம்மா எப்போதும் அந்தக் கிரிஸ்டலுக்குத்தான் பொட்டு வைப்பாள். சந்தனம் வழிந்து அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே ஈரமாக அப்பியிருந்தது. ஈரத்தில் மின்சாரம் கசிந்தால் துடிப்பு நின்றுவிடும். மறுநாள் காய்ந்ததும் திரும்ப வரும். எத்தனை முறை குனிந்து குனிந்து பார்த்தோம்! சாமி பொட்டு என்று ஒருவர் விரலும் அதன்மேல் படவில்லை.

எனக்கும் கை வரவில்லை. கோயில் வாசலில், அதுவும் வெள்ளிக்கிழமை, பொட்டை அழிப்பதா? அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“நான் வச்சதாலயா கண்ணு?”

அம்மா பலகையை வாங்கினாள். முந்தானை நுனியால் அந்தச் சந்தனத்தை ஒற்றி எடுத்தாள். எடுத்ததை என் நெற்றியில் வைத்தாள்.

“இங்க இருக்கட்டும். நீ போ.”

லேபில் சாஹிதா பிரஷ்ஷைத் தின்னரில் தொட்டு மிச்சத்தையும் துடைத்தாள். “எனக்கு ஒரு நா சந்தேகம் வந்துச்சுடீ. ஒங்க சாமி சமாச்சாரம், நான் எப்படி வாயத் தொறப்பேன்? மனசுக்குள்ள துஆ மட்டும் கேட்டுக்கிட்டேன்” என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

சுவிட்சைப் போட்டோம். டிஸ்பிளே எரிந்தது. எக்ஸாமினர் தன் கையாலேயே கம்பியை வாளியிலிருந்து தூக்கினார். மோட்டார் நின்றது. பின்னால் நின்ற எங்கள் சார், “அட!” என்றார்.

வேலை கிடைத்தது. இன்று பழுதான பலகைகளைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எது ஓடாவிட்டாலும், தொடக்கூடாது என்று எல்லாரும் விட்டுவைத்த இடத்தை முதலில் பார்க்கிறேன். அம்மா இப்போதும் அடுப்புக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைக்கிறாள். நான் ஊருக்குப் போனால் என் பையை மட்டும் தொடுவதில்லை. என்னைக் கூப்பிட்டு நெற்றியில் வைக்கிறாள்.

அம்மன் கோபித்துக்கொள்ளவே இல்லை. தன் நாள் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். தாயே, உனக்குக் கோடி நன்றி. கஷ்டத்தில் இருப்பவர்களே, அவளிடம் போங்கள். அழுங்கள், சண்டைகூடப் போடுங்கள். கேட்டுவிட்டுக் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள்.