நான்கில் ஒன்று

அச்சகத்தில் அவள் வேலை, பள்ளிக் கணக்குப் புத்தகங்களின் கடைசியில் வரும் விடைகளைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு கணக்கையும் பென்சிலால் தானே போட்டுப் பார்ப்பாள். பின்னமோ சதவீதமோ நிகழ்தகவோ, அவள் கை பட்ட பக்கத்தில் பிழை தங்காது. எல்லோருக்கும் அவள் கணக்கக்கா.

அவளுடைய முதல் மகள் இரண்டு வயதில் இரத்த நோயில் போய்விட்டாள். "உங்க ரெண்டு பேர் உடம்புலயும் அந்தக் குறை மறைஞ்சிருக்கு. பிறக்கிற குழந்தைக்கு வர்றதுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு" என்றார் டாக்டர்.

கணவன் பேருந்து ஓட்டுநர். அதன்பிறகு வீட்டில் அவன் வாயே திறக்கவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் வந்து உட்கார்ந்தான்.

"நாலுல ஒண்ணுன்னுதானே சொன்னாரு? அந்த ஒண்ணு போயிடுச்சே. இனி மூணும் நமக்குத்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

கணக்கு தப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது முதலிலிருந்து தொடங்கும். சொல்ல வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தபடி, "சரி" என்றாள். நான்கில் மூன்று நல்லதாயிற்றே என்று அவளுக்கும் ஒரு நப்பாசை.

மகன் பிறந்தான். ஆறாம் மாதம் வெளிறிப்போனான். பரிசோதனை முடிவு வந்த அன்று கணவன் கேட்டான்.

"நான் போட்ட கணக்குல என்ன தப்பு?"

ஒரு டப்பாவில் மூன்று வெள்ளைப் பட்டன், ஒரு கறுப்புப் பட்டன் போட்டுக் கொடுத்தாள். "பார்க்காம ஒண்ணு எடுங்க. திரும்ப உள்ள போட்டுக் குலுக்கிட்டு அடுத்தது எடுங்க. நீங்க கறுப்பைத் திரும்பப் போடாம எண்ணிட்டீங்க."

எடுத்தான். வெள்ளை. போட்டுக் குலுக்கினான். வெள்ளை. ஆறு முறையும் வெள்ளையே வந்தது.

"இப்ப மட்டும் வருது பாரு" என்றான். பிறகு, "அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எட்டு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சீங்க."

தொட்டிலில் மகன் சிணுங்கினான். கணவன் போய்த் தூக்கிக்கொண்டான்.

மாதாமாதம் இரத்தம் ஏற்றிக்கொண்டு, நர்சுக்கு 'ஊசியத்தை' என்று பெயர் வைத்து, மகன் நான்கு வயதுவரை இருந்தான்.

மூன்று வாரம் கழித்து அவள் வேலைக்குப் போனாள். மேலாளர் புதுப் பாடங்களை நீட்டினார்.

"நிகழ்தகவை வேற யார்கிட்டயாவது குடுங்க சார். எனக்குப் பின்னம் போதும்."

அவர் அந்தத் தாள்களை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மாலையில் கணவன் ஓட்டும் பேருந்து அச்சக வாசலில் நிற்கும். அவள் ஏறி, அவனுக்குப் பின் இருக்கையில் உட்காருவாள். இன்னொரு பிள்ளையைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.