கஞ்சிக்கு வெங்காயம்

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் குடியிருந்த காலம் முழுக்க லூர்துராணி வீட்டில் வெங்காயம் வாங்கியதில்லை. புருஷன் ஆசீருக்கு அங்கே மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை. அடையவளஞ்சான் வீதியில் ரங்கநாதன் என்பவர் வீட்டு மாடி காலியாக இருந்தது. வேதக்காரர்களான கிறிஸ்தவர்களுக்கு வீடு தர அவர் தயங்கவில்லை. அவர் மனைவிதான் லூர்துராணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதேடிம்மா. மாமிசத்தை நீங்களே தவிர்த்துடுவேள்னு தெரியும். வெங்காயமும் பூண்டும் வேண்டாம். அந்த வாசனை வந்தா எனக்குப் பெருமாளுக்குத் தளிகை பண்ண ஓடாது."

"சரிங்க மாமி" என்றாள். கோபம் ஒன்றும் வரவில்லை. மாமியின் வீடு, மாமியின் அடுப்பு, மாமியின் சாமி.

ஆனால் நாக்கு கேட்கவில்லை. மகள் வயிற்றில் இருந்தபோது சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, சூடான வெங்காய பஜ்ஜியை நின்றபடியே தின்றுவிட்டு, இரண்டு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு அடுத்த டவுன் பஸ்ஸில் வீடு திரும்புவாள். மாடிப்படி ஏறும்வரை வாயைத் திறக்க மாட்டாள். களவாணித்தனம் செய்தவள் போலத் தன் வீட்டுக்கே பதுங்கிப் போவதை நினைத்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

பாலக்கரையில் வீடு கிடைத்துப் பால் காய்ச்சிய அன்று, பால் பாத்திரத்தை இறக்கிய கையோடு வாணலியை வைத்துச் சின்ன வெங்காயத்தை வதக்கினாள். ஜன்னல், கதவு எல்லாம் திறந்து கிடந்தது. "தெருவுக்கே பத்திரிகை வெக்கிறியா?" என்று ஆசீர் இருமிக்கொண்டே கேட்டார்.

"ஆமா. எல்லாரும் வரட்டும்."

பாலக்கரையில் அவளை யாருக்கும் தெரியாது. கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவாள், வருவாள், ஞாயிறு பூசைக்குப் பின்வரிசையில் நிற்பாள். அவளை நாலு பேருக்குத் தெரிய வைத்தது பெரிய வெள்ளிக் கஞ்சிதான். சிலுவைப்பாதை முடிந்து வெயிலில் வரும் சனத்துக்குக் கோயில் பின்கட்டில் கஞ்சி ஊற்றுவது வழக்கம். ஒரு வருஷம் ஆள் குறைந்தபோது கரண்டி பிடிக்கப் போனாள். நொய்யரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சி, எண்ணெயில் சிவக்க வதக்கிய சின்ன வெங்காயத்தைக் கடைசியில் கொட்டினாள். அதற்குப் பிறகு வேறு யாரையும் காய்ச்ச விடவில்லை சனம். "கஞ்சி லூர்து" என்று பெயரே வந்துவிட்டது. தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், இந்த ஊர் தனக்கும் ஊர்தான் என்று இருக்கும்.

இந்த வருஷத் தவக்காலத் தியானத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். பார்வோன் ராஜாவுக்குச் செங்கல் அறுத்த அடிமை வாழ்விலிருந்து தப்பிய இஸ்ராயேல் மக்கள், பாலைவனத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா சலித்துப்போய், எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் சொல்லி அழுத கதையை எடுத்தார். "வெங்காயம் என்றால் என்ன? எகிப்து! அடிமை வாழ்வு! விட்டுவந்த பழைய பாவத்தின் ருசி!" என்று மைக்கில் முழங்கினார்.

தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் அடுத்த கூட்டத்தில் அதன் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் அறிவித்தார். பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் சட்டமாகத்தான் சொல்வார்.

"இந்த வருஷம் கஞ்சியில வெங்காயம் கிடையாது. அர்த்தம் தெரிஞ்ச பிறகும் போட்டா அது முறையில்லை."

எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டத்தில் லூர்துராணி வாய் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அன்று திறந்தாள்.

"அண்ணே, அவங்க வெங்காயத்தை நினைச்சு அழுதாங்க. பார்வோனை நினைச்சு யாராச்சும் அழுதாங்களா?"

"அது இல்லம்மா லூர்து…"

"செங்கல் அறுத்தது பார்வோனுக்கு. வெங்காயம் தின்னது அவங்க வயித்துக்கு. அந்த நாட்டுல அவங்களுக்குன்னு இருந்தது அந்த ஒரு வாய்தான். அதைப் போயி பாவம்ங்கிறீங்க?"

"அப்ப வெங்காயத்துக்கு ஒரு சுரூபம் செஞ்சு தேர் இழுத்துடலாமா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவரே கொஞ்சம் தணிந்து சொன்னார்: "நாக்கை அடக்கத்தானே தவக்காலம்?"

"என் நாக்கை நான் அடக்குனா தவம். நீங்க அடக்குனா அதுக்குப் பேரு வேறண்ணே." என்றவள் அதோடு நிறுத்தவில்லை. "ஸ்ரீரங்கத்துல ஒருத்தங்க வேணாம்னாங்க. அவங்க வீடு, கேட்டுக்கிட்டேன். இது யாரு வீடு?"

"வெங்காயமில்லாம காய்ச்சறதுன்னா நீ காய்ச்சு. இல்லைன்னா சுஜா காய்ச்சட்டும்" என்று ஸ்தனிஸ்லாஸ் முடித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுஜா, "எனக்கு உப்புப் போடவே வராதுங்க" என்று முனகியதை யாரும் காதில் வாங்கவில்லை.

வீட்டில் ஆசீர், "ஒரு வருஷம்தானே. இல்லாமலே காய்ச்சிடேன். கரண்டி உன் கையில இருக்கும்ல?" என்றார்.

"கரண்டிக்காகவா நான் போறேன்?" என்றாள். கரண்டிக்காகவும்தான் என்று அவளுக்கே தெரிந்தது. அது சுஜா கைக்குப் போவதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் காய்ச்ச வருகிறேன் என்று சொல்லி அனுப்பவில்லை.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்ததும் சுஜாவின் கஞ்சிக்கு வரிசை நின்றது. வரிசை முடிகிற இடத்தில், வேப்பமர நிழலில், சொந்த வீட்டுத் தூக்குச்சட்டியோடு லூர்துராணி நின்றாள். மூடியைத் திறந்தாள். உள்ளே கஞ்சியில் போடச் சிவக்க வதக்கிய சின்ன வெங்காயம்; வாசனை பின்கட்டு முழுக்கப் பரவியது.

"வேணுங்களா? வேணாம்னா பரவாயில்லைங்க."

முதலில் வந்த இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவள் நகரவில்லை. மூன்றாவதாக வந்த மூட்டை தூக்குகிறவர், "இது விழுந்தாத்தானே கஞ்சி! அங்க ஊத்துனது காய்ச்சக்காரனுக்கு" என்று டம்ளரை நீட்டினார். பின்னாலிருந்து இன்னும் சில டம்ளர்கள் நீண்டன.

ஸ்தனிஸ்லாஸ் வேகமாக வந்தார். "இது ஒழுங்கில்லை லூர்து. அடுத்த வருஷம் இந்தப் பக்கம் உனக்கு வேலை கிடையாது. நான் சொல்றேன்."

"வேலை தராதீங்கண்ணே. ஆனா வருவேன். இதே இடத்துல நிப்பேன்."

அவர் கையிலும் கஞ்சி டம்ளர் இருந்தது. அவள் பார்வை அதன்மேல் விழுந்ததும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"பயப்படாதீங்கண்ணே, போட மாட்டேன். வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு" என்றாள் லூர்துராணி. பிறகு அவரைத் தாண்டி, "அடுத்து யாருங்க? வாங்க" என்று கூப்பிட்டாள்.